ராத்திரிக்கு எங்கே தங்குவது?

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பார் என்று மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால் நாங்களும் கொஞ்சம் யோசித்திருப்போம்.

சென்ற மார்கழியில் குழந்தைகளுக்கு அரைப் பரீட்சை முடிந்ததும், பெங்களூரில் ஒரு கேரவன் வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கன்னியாகுமரிக்குப் புறப்பட்டோம். நான், என் கணவர், இரண்டு குழந்தைகள், எழுபத்திரண்டு வயதான என் மாமியார். வண்டிக்குள்ளே நாலு படுக்கை, உட்காரும் பலகையை மடக்கினால் ஐந்தாவது படுக்கை. கையகலச் சமையல் மேடை, காஸ் அடுப்பு, குட்டிக் குளிர்பெட்டி. மூலையில் ஒரு குளியல் அறை. எங்கள் வீட்டு பீரோவைவிட ஒரு சாண் அகலம் அதிகம் இருக்கலாம், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் என்றுதான் அர்த்தம். ஓசூர் தாண்டிக் காப்பிக்காக நிறுத்தியதுமே ஐந்தாறு பையன்கள் ஓடி வந்துவிட்டார்கள். “எந்த ஷூட்டிங் சார்? உள்ளே யாரு?” என்று ஒரே பரபரப்பு. ஜன்னலைத் திறந்து என் மாமியார் தலையை நீட்டினார். அந்தப் பையன்களின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

பகலெல்லாம் இப்படி வேடிக்கையாகத்தான் போயிற்று. பொழுது சாய்ந்தபோதுதான் விஷயமே ஆரம்பித்தது. சமையல் உண்டு, படுக்கை உண்டு, தண்ணீர் உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் ராத்திரி இந்த வீட்டை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது?

மேல் நாடுகளில் இந்தக் கவலை கிடையாது. இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர் 1885-லேயே குதிரை பூட்டிய ஒரு நடமாடும் வீட்டைச் செய்துகொண்டு ஊர் சுற்றினார். அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், பெரிய வண்டி வருகிறது என்று எதிரே வருபவர்களுக்குச் சொல்வாராம். 1907-ல் இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு சங்கமே வைத்துவிட்டார்கள். இன்று அங்கே தண்ணீர்க் குழாய், மின்சாரப் பிளக், கழிவு கொட்டும் இடம் எல்லாம் உள்ள முகாம் மைதானங்கள் ஏராளம். நம் பக்கத்தில் கேரளம் 2021-ல் கேரவன் பிரயாணத்துக்கென்று தனித் திட்டம் போட்டது. தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் 2023-ல் கேரவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல சமாசாரம்தான். ஆனால் மாலை ஆறு மணிக்குத் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே, “இங்கே குடும்பத்தோடு வண்டியில் தங்கலாம்” என்று ஒரு பலகையாவது கண்ணில் படுமா என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன். படவில்லை.

தொப்பூர் இறக்கத்தில்

முதல் ராத்திரி நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பு முழுக்க எங்களுடையது.

தருமபுரியில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு இடம் பார்க்கலாம் என்றேன். “இன்னும் ஒரு மணி நேரம்தானே, சேலத்துக்கே போய்விடலாம்” என்றார் அவர். இந்த ‘இன்னும் ஒரு மணி நேரம்’ உங்கள் வீட்டிலும் உண்டு என்று நினைக்கிறேன். ஆண்களுக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அதற்குமேல் பிடிவாதமும் தானே வந்துவிடுகிறது.

தொப்பூர்க் கணவாயைப் பற்றிப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்து வரும் சாலை அங்கே நெடுந்தூரம் இறங்கிக்கொண்டே போகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக்கை மிதித்து மிதித்து, அது சூடேறிப் பிடிக்காமல் போய், அந்த இரட்டைப் பாலத்துப் பக்கம் நடந்த விபத்துகளுக்குக் கணக்கே இல்லை. அந்த இறக்கத்தில்தான் என் கணவரின் தலை ஒரு தடவை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரே ஒரு தடவை. நான் அலறிய அலறலில் குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவரும் பயந்துபோய்ச் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு, “இங்கேயே படுத்துக்கொள்ளலாம்” என்றார்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள். அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒரு லாரி டிரைவர் கையில் டார்ச்சுடன் நின்றார். வயது ஐம்பது இருக்கும்.

“ஏனுங் சார், இங்கே யாராவது வண்டியைப் போடுவாங்களா? மேலேருந்து பிரேக் பிடிக்காம ஒரு வண்டி வந்தா, உள்ளே குழந்தைங்க தூங்குதுன்னு அதுக்குத் தெரியுமுங்களா? விளக்கைப் போடுங்க. என் பின்னாடியே மெதுவா வாங்க.”

இறக்கம் முடிந்து சமவெளிக்கு வந்ததும் ஒரு பெரிய பெட்ரோல் பங்க். பக்கத்து மைதானத்தில் பத்துப் பதினைந்து லாரிகள் வரிசையாக நின்றன. நடுவே எங்களுக்கும் ஓர் இடம் காட்டிவிட்டு, பங்க் பையனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார். பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு; சாவி மானேஜரிடம்; மானேஜர் தூக்கத்தில். அதை வாங்குவதற்கு அரை மணி ஆயிற்று. லாரிகள் உறுமிக்கொண்டு வருவதும் போவதுமாக ராத்திரி பூராவும் சத்தம். ஆனால் சுற்றிலும் மனுஷர்கள் இருந்தார்கள். அத்தை ஸ்லோகத்தைப் பாதியில் நிறுத்தித் தூங்கிப்போனதை என் காதால் கேட்டேன்.

லாரிக்காரர் சொன்னது

காலையில் டீக்கடையில் அந்த டிரைவரை மறுபடி பார்த்தோம். அவர் நாமக்கல்காரர். நாமக்கல் என்றால் நமக்கு முட்டையும் ஆஞ்சநேயரும் ஞாபகம் வரும். இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் ஓடுகிறவர்களுக்கோ லாரிதான் ஞாபகம் வரும். லாரிக்கு மரத்தாலும் தகட்டாலும் உடம்பு கட்டுகிற பட்டறைகள் அந்த ஊரில் தெருத்தெருவாக இருக்கின்றன. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் படுக்கப் பலகை, சாமி படத்துக்கு ஒரு மாடம், அடியில் அடுப்பும் பாத்திரமும் வைக்கப் பெட்டி. நாங்கள் வாடகைக்கு எடுத்த வண்டியில் உள்ளதெல்லாம் அவர்களிடம் எப்போதோ இருக்கிறது, குளியல் அறை ஒன்றைத் தவிர.

திருச்செங்கோட்டார் அதற்கும் மேலே. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு அந்த ஊர் பேர்போனது. தோண்டும் எந்திரத்தோடு ஒரு லாரி, குழாய்களும் சாமானும் ஏற்றிய துணை லாரி ஒன்று, ஏழெட்டு ஆட்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போவார்கள்; கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போனவர்கள் உண்டு. வண்டியிலேயே சோறு, வண்டியிலேயே தூக்கம். அவர்கள் வீட்டுப் பெண்கள் இங்கே தனியாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். அதைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

நெடுஞ்சாலை இவர்கள் வீட்டுத் திண்ணை மாதிரி. ஆகவே, “ராத்திரி இடத்தை எப்படிப் பார்த்து நிறுத்துகிறீர்கள்?” என்று நான் கேட்டதற்கு அவர் யோசிக்கவேயில்லை.

“எடத்தைப் பார்க்கறதில்லீங்கம்மா. ஆளைப் பார்க்கறோம். விளக்கு எரியணும், யாராவது முழிச்சிருக்கணும். உங்களை மாதிரிக் குடும்பமா வந்தா, கடையிலே ஒரு பொம்பளை ஆள் உட்கார்ந்திருக்கற இடமாப் பாருங்க. அப்புறம், பொழுதோட நிறுத்திருங்க. இருட்டினதுக்கப்புறம் எல்லா எடமும் ஒரே மாதிரிதான் தெரியும்.”

எந்தப் பிரயாணப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் ஒரு சட்டம் பிறந்தது. மாலை மூன்று மணி ஆனதும் இடம் பார்க்க ஆரம்பிப்பது; ஐந்துக்குள் நிறுத்திவிடுவது; முடிவு சொல்கிற உரிமை அத்தைக்கும் எனக்கும்.

தாவளமும் சத்திரமும்

நாம் ஏதோ புதிதாகச் செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் கடந்து வந்த அதே தருமபுரிப் பக்கத்தில், சுமார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. அதியமான் பெருவழி என்று அந்தச் சாலைக்குப் பெயர். நாவல் தாவளம் என்கிற இடத்துக்கு இன்னும் 29 காதம் என்று ஒரு கல்லில் வெட்டியிருக்கிறது. காதம் என்றால் சுமார் பத்து மைல் என்பது பொதுவான கணக்கு. படிக்கத் தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று கல்லிலேயே குழிகள் போட்டிருக்கிறார்கள்: பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. எத்தனை கரிசனம் பாருங்கள்! ‘தாவளம்’ என்பது என்ன தெரியுமா? வழிப்போக்கர்களும் வணிகர்களும் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தங்குகிற இடம். வெள்ளைக்காரர் ‘காம்ப்’ என்று சொல்வதற்கு நம்மிடம் எப்போதோ சொல் இருந்திருக்கிறது.

பிறகு சத்திரங்கள் வந்தன. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஒரு பெண்மணி ஆண்டபோது வழிப்போக்கர் ராத்திரி எங்கே படுப்பார்கள் என்ற யோசனை முதலில் வந்தது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். தலைச் சுமையைப் பிறர் உதவியில்லாமல் இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். சேலம் போகும் வழியில் ஒன்றைப் பார்த்தபோது அத்தை வண்டியை நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

இன்றைக்கும் இந்தச் சமவெளியிலிருந்து ஒரு பெரிய நடமாடும் முகாம் வருஷா வருஷம் புறப்படுகிறது. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து பருவதராஜ குலத்தார் ஆயிரக்கணக்கில் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறார்கள். மலைக் கோயிலில் ராத்திரி தங்க அவர்களுக்கு மட்டுமே உரிமை. அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள். வழியெல்லாம் எங்கே இறங்குவது, எங்கே பொங்குவது என்பது தாத்தா காலத்திலேயே தீர்மானமாகிவிட்ட விஷயம்.

மூக்கும் காதும் சொல்லும்

சேலத்தில் அரை நாள் கழித்துவிட்டு நாமக்கல் சாலையில் வந்தோம். முன்பு ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை என்றோம், இப்போது நாற்பத்துநாலு. நாமக்கல் 1997-ல் தனி ஜில்லாவாகும் வரை சேலத்தோடு இருந்த ஊர்தான். குழந்தைகள் நம்பர்ப் பலகை விளையாட்டு விளையாடிக்கொண்டு வந்தார்கள்: டி.என். 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி.

மூன்று மணிக்கு இடம் பார்க்க ஆரம்பித்தோம். நல்ல சமதரையாக, வேலி போட்ட ஒரு மைதானம் கண்ணில் பட்டது. “அடேயப்பா, நமக்கென்றே செய்தது போல் இருக்கிறது!” என்று அவர் வண்டியைத் திருப்பினார். கதவைத் திறந்ததும் புளித்த நாற்றம் ஆளைத் தூக்கியது. ஜவ்வரிசி ஆலை! மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்த கழிவு நீர் புளித்துக்கொண்டிருந்தது. நம் பாயசத்தில் முத்து முத்தாக மிதக்கிற அந்த ஜவ்வரிசியா என்று அத்தைக்கு நம்பவே முடியவில்லை.

அடுத்து ஒரு வேப்ப மரத்தடி. காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. கூடவே ஈயும் வந்தது. சற்றுத் தள்ளி நீளநீளமாகக் கோழிப் பண்ணைக் கொட்டகைகள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போகிறவர்களுக்கு ஈத் தொல்லை இல்லாவிட்டால் விசைத்தறி இருக்கிறது. பகலில் காதுக்குப் பழகிவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலைமாட்டில் நெய்வது போலவே கேட்கும். ஆகவே எந்த இடத்திலும் எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மூக்கும் காதும் சொல்லிவிடும்.

கடைசியில் இடம் கொடுத்தது எது தெரியுமா? கல்யாண மண்டபம்! இந்த யோசனை அத்தையுடையது. “மார்கழியில் முகூர்த்தம் ஏது? மண்டபம் சும்மாத்தானே கிடக்கும்? சுற்றுச் சுவர் இருக்கும், தண்ணீர் இருக்கும், பத்துக் கழிப்பறையாவது இருக்கும்” என்றார். சாலை ஓரத்து மண்டபம் ஒன்றில் காவல்காரர் இருந்தார். அவர் மனைவி வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் சொன்னது ஞாபகம் வந்தது. காவல்காரர் முதலாளிக்குப் போன் பண்ணினார். முதலாளி, எத்தனை பேர், எந்த ஊர் என்று என்னிடமே கேட்டுக்கொண்டு, சுத்தம் பண்ணுகிறவளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஹோட்டலில் ஐந்து பேருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை; நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழி போலவே ஆடியும் நமக்கு அனுகூலம். மற்ற மாதங்களில் பஞ்சாங்கத்தைப் புரட்டி, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். முகூர்த்த நாளில் போய் நின்றால் நாதஸ்வரம் உங்களைத் தூங்க விடாது. சாப்பாடு கிடைக்குமோ என்னவோ!

அங்கே இரண்டு ராத்திரி இருந்தோம். விடியற்காலையில் காவல்காரர் மனைவி மண்டப வாசலில் பெரிய கோலமாகப் போட்டுப் பூசணிப் பூ வைத்தாள். எங்கள் வண்டி வாசலையும் அவள் விட்டுவைக்கவில்லை. இரும்புப் படிக்கு முன்னால் சின்னதாக ஒரு கோலம்! என் பெண் அதைப் பட்டணத்தில் இருக்கும் சிநேகிதிகளுக்கெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. நம் வீட்டையும் சுமந்துகொண்டு அதில் ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை. வண்டியை மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய் வந்தோம். நாமக்கல் கோயிலுக்கும் அப்படியேதான். பதினெட்டு அடி ஆஞ்சநேயர் மேலே கூரை இல்லாமல் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். “பார்த்தாயா, அவரும் நம்மைப் போல வெட்டவெளியில்தான் இருக்கிறார்” என்றார் அத்தை. மார்கழியில் அனுமன் ஜயந்தி அன்று அவருக்கு ஒரு லட்சத்து எட்டு வடையில் மாலை சாத்துவார்கள். அந்தத் தேதியை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ஊருக்குள் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடைக்காது.

இங்கே சில சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்க் எல்லைக்குள் தங்கினால் அடுப்பைத் தொடவே கூடாது. முந்தின வேளையே புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி வைத்துவிடுங்கள். உள்ளே சமைத்தால் ஜன்னல் திறந்திருக்கட்டும். படுக்குமுன் சிலிண்டரை மூடினோமா என்று இன்னொரு தடவை பாருங்கள். பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், காப்பி போட்டால் காப்பியாக இருக்காது. குடிதண்ணீர் தனிக் குடத்தில் வேண்டும். 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண், 112, பெண்களுக்கான 181 மூன்றையும் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியிருந்தேன். எட்டு வயதுப் பையனுக்கும் மனப்பாடம் பண்ணி வைத்தேன்.

கழிவுத் தொட்டி விஷயம் எழுதச் சங்கோசமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அதை எந்தக் காரணத்தைக் கொண்டும் சாலை ஓரத்திலோ, ஓடையிலோ, வாய்க்காலிலோ திறந்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் அந்த வாய்க்கால் தண்ணீர் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும்தான் பாய்கிறது. தங்கும் இடத்தில் கழிப்பறைத் தொட்டி இருந்தால், கேட்டு அதில் கொட்டலாம். நாங்கள் மண்டபத்தில் அப்படித்தான் செய்தோம். என் கணவர் முதலில் முகம் சுளித்தார். தொப்பூரில் செய்ததற்குப் பிராயச்சித்தம் என்று நான் சொன்னதும் பேசாமல் போய்ச் செய்தார்.

வேலூர்க் களம்

மூன்றாவது தங்கல் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில். மூன்று மணி ஆகியிருந்தது. சாலை ஓரத்தில் ஒரு பெண் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு, “ராத்திரி மட்டும் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா?” என்று நான்தான் இறங்கிப் போய்க் கேட்டேன். இப்படிக் கேட்பதற்கு ஆண்களை அனுப்பாதீர்கள். இடுப்பில் குழந்தையோ பக்கத்தில் மாமியாரோ இருந்தால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. அவள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்க பெரியம்மா தோட்டம் இருக்குதுங்க, கேட்டுப் பார்க்கலாம்” என்று கூடவே வந்தாள்.

பெரியம்மாவுக்கு அத்தை வயது இருக்கும். “ஏனுங் கண்ணு, சினிமாக்காரங்களா?” என்றார்.

“இல்லீங்கம்மா, குடும்பம்தான். கன்னியாகுமரி போகிறோம்.”

“அப்படீன்னா களத்துலே போட்டுக்குங்க.”

நெல்லும் சோளமும் அடித்துக் காயப்போடுகிற களத்தைவிட நல்ல இடம் ஒன்று கிடையாது. சமதரை, கெட்டித் தரை, புல் பூண்டு இல்லாததால் பூச்சி பொட்டு வந்தாலும் தெரியும், வீட்டு விளக்கு வெளிச்சம் எட்டும். என் கணவர் நிழலாக இருக்கட்டுமென்று தென்னை மரத்தடிக்கு வண்டியை நகர்த்தப் போனார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் மேலே காட்டினார். குலை குலையாகக் காய்!

காவிரி கூப்பிடுகிற தூரம்தான். குழந்தைகள் மணலைப் பார்த்துவிட்டு, கூடாரத் துணியை அங்கே விரித்துப் படுக்கிறோம் என்று ஒரே அழிச்சாட்டியம். நானும் ஒரு நிமிஷம் சபலப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிலா வேறு இருந்தது.

“மணல்லே மட்டும் வேண்டாம் அம்மிணி” என்றார் அந்த அம்மாள். “மேட்டூர்லே திறந்தாங்கன்னா சத்தம் போட்டுக்கிட்டா வரும்? தூங்கறப்பவே காலைத் தொட்டுரும். விளையாடட்டும், நான் கூட வர்றேன். பொழுது விழறதுக்குள்ளே கரையேறிரணும்.”

1934-லிருந்து மேட்டூர் அணை அங்கே இருக்கிறது. டெல்டாப் பாசனத்துக்காக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமான கணக்கு. மழையையும் நீர்வரத்தையும் பொறுத்துத் திறப்பதைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வெளியூர்க்காரர்களான நமக்கு அது எப்படித் தெரியும்? பகலில் முழங்கால் தண்ணீர் ஓடிய இடம் விடிவதற்குள் ஆறாகிவிடும். அந்த அம்மாள் சொல்லாவிட்டால் நாங்கள் மணலில்தான் படுத்திருப்போம். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சாயங்காலம் அவர் எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பைத் தடவிப் பார்த்தார். குளிர்பெட்டியைத் திறந்து மூடினார். மூலை அறைக் கதவைத் திறந்தவர், “சோறாக்கற இடத்துக்கு ஒட்டினாப்பலேயேவா?” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நானும் பெங்களூரிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்” என்றார். அதற்குப் பிறகு இருவரும் களத்து மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தார்கள். வைகாசி விசாகத் தேருக்குத் திருச்செங்கோடு போனது, கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி ஜமக்காளம் விரித்துப் படுத்தது, மாட்டை அவிழ்த்துவிட்டுச் சத்திரத்து மரத்தடியில் பொங்கித் தின்றது என்று அந்த அம்மாள் சொன்னார். அத்தை தன் ஊர்ச் சத்திரத்தைப் பற்றிச் சொன்னார். நான் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், மணி பத்தரை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. பெங்களூரிலிருந்து கொண்டுவந்த காப்பிப் பொடி ஒரு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அதைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கவுளி வெற்றிலையும் நாலு இளநீரும் வண்டியில் ஏற்றிவிட்டார். “திரும்பறப்போ இந்த வழியாத்தானே வரோணும், வாங்க” என்றார்.

காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கரூர் வழியாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். நான் பின்னால் படுத்துச் சற்றுக் கண் அயர்ந்துவிட்டேன். திடீரென்று வண்டி வேகம் குறைந்தது. என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்தேன்.

“ஒன்றுமில்லை” என்றார் என் கணவர். “மணி மூன்று அடித்துவிட்டதே. அம்மா எந்தப் பக்கம் பார்க்கச் சொல்கிறார் என்று கேள்.”